ஆங்கிலத்திலிருந்து ஆங்கிலத்துக்கு

ஜொகூர் பாரு,
1930ஆம் வருஷம் நவம்பர் 29, சனிக்கிழமை.

அன்புள்ள மகள் அன்னபாக்கியத்துக்கு,

ஐயா எழுதுகிறேன். உறையின் கனத்தைப் பார்த்து நீ பயந்திருப்பாய். பயப்பட ஒன்றுமில்லை. முதலில் மூச்சை விட்டுக்கொள். உன் பிள்ளை திலகம் தேறிவிட்டாள். ஆங்கில வாய்ச் சோதனையிலேயே தேறிவிட்டாள். இதை ஒரு தந்தியாக அடித்திருக்கலாம் என்று உன் மாமி சொன்னாள். தந்தி என்றால் யாழ்ப்பாணத்தில் ஒப்பாரிதான் முதலில் எழும், பிறகுதான் பிரிப்பார்கள் என்று நான் விட்டுவிட்டேன்.

இனி ஒழுங்காக எழுதுகிறேன். ஒழுங்கில்லாமல் எழுதினால் சொல்லவந்ததில் பாதியை விட்டுவிடுவேன் என்பது உனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தில் உள்ள பொருள்கள் இவை:

1. எங்கள் சுகம்.
2. திலகத்தின் வாய் அடைத்த காரணம்.
3. அதற்கு நான் செய்த வைத்தியங்களும் அவற்றின் பலனும்.
4. பிள்ளை கதைக்கத் தொடங்கிய விதமும், சோதனை நாளும்.
5. பிள்ளையை இங்கேயே விட்டுவைக்கும்படி என் விண்ணப்பம். இது அவளுடைய படிப்பை முன்னிட்டது மட்டுமே. எனக்கென்று இதில் ஒன்றும் இல்லை.

முதலாவது. நாங்கள் மூவரும் சுகம். மாமியின் முழங்கால் மழைக்கு நோகிறது. நோவு வந்தால் அவள் தமையன் என்றும் பாராமல் என்னோடு கோபிப்பாள், அதனால் வேலை ஒன்றும் நிற்கவில்லை. பின்பக்கத்துக் கூரை ஒழுகிய இடத்தை மாற்றிவிட்டேன். இப்போது வேறோர் இடத்தில் ஒழுகுகிறது. மருமகனுக்கு அங்கே ஏதாவது வேலை சரிவந்ததா? ரப்பர் விலை இன்னும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. அவரை நிறுத்திய அதே கந்தோரில் போன மாதம் தலைமைக் கிளாக்கரையும் அனுப்பிவிட்டார்கள். அவருடைய திறமைக் குறைவால் வேலை போகவில்லை என்பதை அவரிடம் சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே, கூச்சப்படுவார்.

இரண்டாவது பொருளுக்கு வருமுன் உன் போன கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மாசியில் நீங்கள் சின்னவர்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு கப்பலேறும்போது, படிப்பைப் பாதியில் குழப்பக்கூடாது என்று திலகத்தை என்னிடம் விட்டுப்போனீர்கள். வருஷ முடிவில் ஐந்தாம் வகுப்புக்கு ஏறினால் இருக்கட்டும், ஏறாவிட்டால் அனுப்பிவிடுங்கள் என்பது மருமகனின் சொல். இப்போது நீ எழுதியிருப்பது வேறு. தேறினாலும் தேறாவிட்டாலும் அனுப்பிவிடும்படி கேட்கிறாய். தெப்ராவ்த் தோட்டத்துக் கிளாக்கர் ஜெயபாலன் குடும்பம் தைப்பொங்கல் கழித்து ஊருக்கு வருகிறது, அவர்களோடு சேர்த்துவிடுங்கள், அங்கே என் பிள்ளை ஊமையாய்ப் போய்விடுவாள், இங்கே மூன்று பேருக்கு நடுவில் கஞ்சி குடித்தாலும் வாய் திறந்து கதைப்பாள் என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கடிதத்தை நான் பலமுறை வாசித்தேன். உன் பயம் நியாயமானது. அந்தப் பயத்துக்கு இனி இடமில்லை என்று காட்டத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பிள்ளையின் வாய் எப்படி அடைத்தது என்பது எனக்கே வெகுநாள் தெரியாது. வைகாசியில் அவளுக்குப் படிப்பிக்கும் கன்னியாஸ்திரிச் சகோதரி என்னைக் கூப்பிட்டுவிட்டார். திலகம் எழுத்தில் வகுப்புக்கே முதல், ஆனால் மாதக்கணக்கில் வகுப்பில் ஒரு சொல் பேசவில்லை, கேட்டால் எழுந்து நிற்பாள், உதடு நடுங்கும், உட்கார்ந்துவிடுவாள் என்றார். வருஷ முடிவில் வெள்ளைக்காரப் பரிசோதகர் வந்து ஒவ்வொரு பிள்ளையையும் கதைக்கவைத்துப் பார்ப்பார், வாயால் தேறாத பிள்ளையைத் தம்மால் ஏற்றிவிட முடியாது என்றும் சொன்னார். நான் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, ஆம் அம்மா, ஆம் அம்மா என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். கேட்கவேண்டிய கேள்விகளெல்லாம் வீட்டுப்படி ஏறும்போதுதான் ஞாபகத்துக்கு வந்தன. ஆகவே அவற்றைக் கடிதமாக எழுதி மறுநாள் அனுப்பினேன். அவர் எழுதிய பதிலில்தான் எல்லாம் இருந்தது.

உங்களைச் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வழியனுப்பிவிட்டு நாங்கள் பாலத்தைக் கடந்து திரும்பிய அன்று மாலை, பிள்ளை என்னிடம் வந்து, நாளைக்குச் சகோதரி, நீ ஏன் நேற்று வரவில்லை என்று கேட்டால் ஆங்கிலத்தில் என்ன சொல்லவேண்டும் என்று கேட்டாள். நான் மகிழ்ந்துபோனேன். ஒரு தாளில் வடிவாக எழுதிக் கொடுத்தேன். அவள் அதை மனப்பாடம் பண்ணினாள். மறுநாள் சகோதரி கேட்டதும் எழுந்து நின்று அப்படியே ஒப்புவித்திருக்கிறாள். அதன் கருத்தைத் தமிழில் தருகிறேன்: தங்கள் மேலான விசாரணைக்குப் பதிலாக, எனது பெற்றோர் நேற்றைய தினம் கப்பலேறிச் சென்ற காரணத்தினால் வகுப்புக்குச் சமுகமளிக்க இயலாமற் போனதைப் பணிவுடன் அறியத்தரும் பெருமை உடையேன், இங்ஙனம் தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன்.

நான் முப்பது வருஷம் நிலக் கந்தோரில் எழுதிய ஆங்கிலம் அதுதான். எனக்கு வேறு ஆங்கிலம் தெரியாது. வகுப்பு முழுவதும் சிரித்துவிட்டது. சகோதரியும் வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டதாகத் தாமே எழுதியிருந்தார். அவர்கள் சிரித்தது ஒரு பத்து வயதுப் பெண்பிள்ளை தன்னை ஊழியன் என்று சொல்லிக்கொண்டதைக் கேட்டு. ஆனால் பிள்ளை வாயிலிருந்து அந்த நேரம் வந்த செய்தி, அம்மாவும் அப்பாவும் போய்விட்டார்கள் என்பது. அதைச் சொன்னதும் நாற்பது பேர் சிரித்தால் அவள் என்னவென்று எடுத்துக்கொள்வாள்? அன்று மூடிய வாய்தான்.

இதை நீ மருமகனுக்கு வாசித்துக் காட்டும்போது இந்தப் பந்தியை விட்டுவிட்டாலும் எனக்குச் சம்மதம்.

மூன்றாவது, வைத்தியங்கள். சகோதரியின் பதில் வந்தபிறகும் நான் படித்தது போதவில்லை என்றே சொல்லவேண்டும். வாசகம் பிழையென்றால் வேறு வாசகம் எழுதிக்கொடுத்தால் சரியாகும் என்று நினைத்தேன். பரிசோதகர் கேட்கக்கூடிய கேள்விகளையெல்லாம் ஊகித்து, பதில்களையும் எழுதி, தினமும் விளக்கேற்றியதும் ஒப்புவிக்கச் சொன்னேன். கண்ணாடிக்கு முன்னால் நிற்கவைத்தேன். முற்றத்தின் அந்தத் தலைப்பில் அவளை நிறுத்தி, இந்தத் தலைப்பிலிருந்து கேட்டேன். மாமி சித்தரத்தையும் தேனும் குழைத்துக் கொடுத்தாள், மாரியம்மனுக்குத் தேங்காயும் நேர்ந்தாள். பலன் என்னவென்றால், ஆங்கிலச் சம்பாஷணை வகுப்புள்ள திங்கட்கிழமைகளில் பிள்ளைக்கு வயிற்றுவலி தொடங்கியது. பாசாங்கென்று நீ நினைக்கக்கூடாது. கையைத் தொட்டுப் பார்த்தேன், ஐஸ் மாதிரிக் குளிர்ந்து வியர்த்திருந்தது.

எனக்கு அந்தக் கை நன்றாகத் தெரியும். துரை மணியடித்து என்னைக் கூப்பிடும்போதெல்லாம் என் கை அப்படித்தான் இருந்தது. நான் வாயால் பதில் சொல்லமாட்டேன். ஒரு துண்டில் எழுதி மேசையில் வைப்பேன். மூன்று துரைமார் மாறினார்கள், மூவரும் நான் நல்ல அடக்கமான மனிதன் என்று சான்றிதழ் தந்தார்கள். அடக்கம் அல்ல அது. ஆகவே பிள்ளைக்குப் புத்தி சொல்ல நான் யார் என்ற எண்ணம் வந்தது. ஆனாலும் வேறு யாரும் இல்லையே என்று தொடர்ந்து செய்துகொண்டே வந்தேன்.

ஒருநாள் மாமி தேன் போத்தலைத் தொம்மென்று வைத்துவிட்டு, பிள்ளையைத் திருத்தித் திருத்தி ஊமையாக்கிப் போட்டியள் அண்ணை, இனியாவது கொஞ்சம் சும்மா இருங்கோ என்றாள். நான் சும்மா இருந்தேன். அது மட்டும்தான் நான் இந்த விஷயத்தில் சரியாகச் செய்தது.

நாலாவது பொருள்தான் பெரியது.

ஆவணி மாதம் வகுப்பில் ஒரு புதுப் பிள்ளை சேர்ந்தாள். பெயர் ஹருகோ. யப்பான்காரப் பிள்ளை. தகப்பன் தங்காக்கில் படம் பிடிக்கும் கடை வைத்திருந்து, வியாபாரம் குறைந்து, இங்கே கடைத்தெருவுக்கு வந்தவர். அந்தப் பிள்ளைக்கு ஆங்கிலம் அரைகுறை, மலாய் அதிலும் அரைகுறை. சகோதரி அவளைத் திலகத்துக்குப் பக்கத்தில் இருத்தினார். பேசாத இரண்டு பிள்ளைகளை ஒரே வாங்குப் பலகையில் வைத்தால் வகுப்பு அமைதியாயிருக்கும் என்று நினைத்ததாக இப்போது சொல்லிச் சிரிக்கிறார்.

இந்த இருவருக்கும் நடுவில் ஒரு பாஷையும் கிடையாது. தமிழ் அவளுக்குத் தெரியாது, யப்பான் பாஷை இவளுக்குத் தெரியாது. மிஞ்சியது இருவருக்கும் சரியாக வராத ஆங்கிலம் ஒன்றுதான். பள்ளிக்கூடத்து ஜம்பு மரத்தடியில் சாப்பாட்டு நேரத்தில் அதைக்கொண்டு ஏதோ தொடங்கியிருக்கிறார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது. புரட்டாசியில் ஒருநாள் பின்னேரம் அந்தப் பிள்ளை திலகத்தோடு நம் வீட்டு வாசலில் வந்து நின்றது.

மாமிக்கு முகம் கறுத்தது. என்ன சாதி சனமோ, என்ன தின்பதுகளோ என்று எனக்குக் கேட்க மட்டும் முணுமுணுத்தாள். அந்தப் பிள்ளை ஒருவரும் சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றி, இரண்டையும் சேர்த்து, நுனி தெருப்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு, குனிந்து கும்பிட்டது. மாமி அந்தச் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நம் வீட்டுக்கு வரும் எந்தப் பிள்ளைக்கு இந்த ஒழுங்கு இருக்கிறது என்று என்னைக் கேட்டாள், நான்தான் பிழை செய்தவன் போல. முதல் இரண்டு தரம் தேத்தண்ணி தனிக் கோப்பையில் வந்தது. மூன்றாம் தரம் நாங்கள் குடிக்கும் மூக்குப்பேணியிலேயே வந்தது. பெயர் மட்டும் மாமியின் வாயில் வராது. அருகு என்று கூப்பிடுகிறாள். அந்தப் பிள்ளையும் ஓடி வருகிறது.

அவர்கள் பின்படியில் உட்கார்ந்து கதைப்பதை நான் முதன்முறை கேட்டபோது எனக்கு ஏற்பட்டதை எப்படி எழுதுவது? ஏழு மாதமாக வீட்டில் இரண்டு சொல்லுக்கு மேல் கேட்காத குரல். அது நிற்காமல் கொட்டியது. சந்தோஷப்பட்டேனா? உண்மையைச் சொன்னால், முதலில் பயந்துவிட்டேன். அவ்வளவு பிழை. காலம் இல்லை, எண் இல்லை, எழுவாய் ஓரிடம் பயனிலை ஓரிடம். அதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: நேற்று நான் கடை போகிறது, மீன் பெரிசு, மாமி கோபம், மீன் திரும்பக் கடை போகிறது. அதற்கு ஹருகோ: என் அப்பா படம் எடுக்கிறது, சீன மாப்பிள்ளை சிரிக்காது, அப்பா கோழி மாதிரிச் சத்தம், மாப்பிள்ளை சிரிக்கிறது, படம் கெட்டது. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

என் கையில் சிவப்புப் பென்சில் இருந்தது. அது எப்போதும் என் காதில்தான் இருக்கும், எப்போது கைக்கு வந்ததென்று தெரியாது. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் படிக்குப் போய், போகிறது அல்ல, போனது என்று ஒரே ஒரு சொல்லைத் திருத்தினேன். மெதுவாகத்தான் சொன்னேன். தண்ணீர்க் குழாயை மூடியது போல இரண்டு வாயும் ஒரே நேரத்தில் மூடின. ஹருகோ எழுந்து, குனிந்து கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டது. இரவுச் சாப்பாடு முடியும்வரை திலகம் என்னோடு கதைக்கவில்லை. பிறகு கை கழுவிக்கொண்டு வந்து, அப்பு, நீங்கள் உள்ளுக்கு இருங்கோ, நீங்கள் நிண்டால் எங்களுக்கு இங்கிலீசு வராது என்றாள்.

அன்றிலிருந்து உள்ளுக்குத்தான் இருக்கிறேன். அவர்கள் கதைக்கும் நேரம் மாமி என் மடியில் ஒரு சுளகு பயற்றங்காயை வைத்து முறிக்கச் சொல்லிவிடுவாள். கைக்கு வேலை இருந்தால் வாய் சும்மா இருக்கும் என்பது அவளுடைய கணக்கு. பால் கொண்டுவரும் கருப்பாயி ஒருநாள் செம்பை வைத்துவிட்டு நின்று கேட்டாள். ஐயா, பாப்பா ரெண்டும் என்னா பாஷை பேசுதுங்க, மலாயும் இல்ல, தொரை பேசற மாதிரியும் இல்ல, ஆனா கேக்க நல்லாத்தான் இருக்கு லா என்றாள். நான் ஆங்கிலம் என்றேன். அவள் என்னை நம்பவில்லை.

திங்கட்கிழமை வயிற்றுவலி எப்போது நின்றதென்று நான் கவனிக்கவில்லை. ஒருநாள் மாமிதான் சித்தரத்தை அப்படியே இருக்கிறது என்றாள்.

ஆனால் வகுப்பில், சகோதரிக்கு முன்னால், அவள் அப்போதும் பேசவில்லை. படியில் கதைக்கும் பிள்ளை வகுப்பில் எழுந்து நின்றால் பழையபடி உதடு நடுங்கத்தான் செய்தது. சோதனை நெருங்க நெருங்க நான்தான் உறக்கமில்லாமல் இருந்தேன். அந்த நேரத்தில்தான் உன் கடிதமும் வந்தது.

போன புதன்கிழமை சோதனை. மழை. பிள்ளையை ரிக்ஷாவில் கூட்டிப்போய் விட்டுவிட்டு, வீட்டுக்குப் போக மனமில்லாமல் பள்ளிக்கூட வாசலில் குடையோடு நின்றேன். கடிதத்தில் ஜெயபாலன் குடும்பம் என்று நீ எழுதியிருந்த வரி என் கண்ணுக்கு முன்னால் நின்றது. உள்ளே என்ன நடந்ததென்பதைப் பிறகு சகோதரி சொன்னதையும் பிள்ளை சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.

பரிசோதகர் ஒவ்வொரு வாங்காக, இரண்டிரண்டு பிள்ளைகளாகக் கூப்பிட்டிருக்கிறார். இவர்கள் முறை வந்ததும் ஒரு சந்தைப் படத்தைக் காட்டி, முதலில் ஹருகோவிடம், இந்தப் பெண் என்ன செய்கிறாள் என்று கேட்டார். துரை வடக்கே எங்கேயோ ஸ்கொத்லாந்துக்காரர், சொல்லை வாய்க்குள்ளே உருட்டுவார். அந்தப் பிள்ளைக்கு ஓர் எழுத்தும் பிடிபடவில்லை. அது குனிந்து கும்பிட்டுவிட்டுத் திலகத்தைப் பார்த்தது. திலகம் மெல்ல, தங்கள் பாஷையில், துரை கேட்கிறது, இந்த அம்மா என்ன வேலை என்றாள். துரை அதைக் கண்டு, என்ன சொல்கிறாய், உரக்கச் சொல் என்றார். இவள் உரக்கச் சொன்னாள். பயப்பட நேரமில்லை, பக்கத்தில் இருப்பவளுக்கு விளங்கவேண்டுமே.

ஹருகோ நீட்டி முழக்கி ஏதோ பதில் சொன்னது. இப்போது துரைக்கு விளங்கவில்லை. அவர் திலகத்தைப் பார்த்தார். திலகம் அவருக்குச் சொன்னாள்: ஐயா, அந்தப் பெண் முட்டையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நல்லதா கெட்டதா என்று பார்க்கிறாள் என்று சொல்கிறாள். இதை நல்ல ஆங்கிலத்தில் சொன்னாளாம், அதாவது புத்தகத்து ஆங்கிலத்தில், அவள் எழுதும் ஆங்கிலத்தில். துரை, அப்படியா, இவளுக்கு எப்படித் தெரியும் என்றார். திலகம் அதை ஹருகோவுக்குச் சொல்லி, பதிலைத் துரைக்குச் சொல்லி, அவர்கள் வீட்டில் விளக்குக்கு நேரே பிடிப்பார்களாம் ஐயா, எங்கள் வீட்டில் தண்ணீரில் போட்டுப் பார்ப்போம், கெட்ட முட்டை மிதக்கும், எங்கள் முறைதான் சரி என்றாள். இந்தக் கடைசி வார்த்தை ஹருகோவுக்கு விளங்கிவிட்டது. தண்ணீரில் போட்டால் முட்டை கெடும் என்று அது சொல்ல, கெடாது என்று இவள் சொல்ல, துரைக்கு முன்னால் இருவரும் முட்டைக்காகச் சண்டை பிடித்திருக்கிறார்கள். அவர் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தாராம், அடுத்த வாங்கைக் கூப்பிட மறந்து.

கடைசியில் அவர் தாளைப் பார்த்து, வாய் பேசாத பிள்ளை என்று இங்கே குறித்திருக்கிறதே, இவர்களில் எவள் என்று சகோதரியிடம் கேட்டார். சகோதரி, இருவரும்தான் ஐயா என்றார். துரை சிரித்த சிரிப்பு வாசலில் குடையோடு நின்ற எனக்கே கேட்டது. ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல், மறுபடியும் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிறார்களோ என்று நினைத்து உள்ளே போக ஓர் அடி எடுத்து வைத்தேன். பிறகு அவள் மழையில் நனைந்துகொண்டு ஓடிவந்தாள். அப்பு, துரை சிரிச்சவர், நானும் சிரிச்சனான் என்றாள். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

ஆங்கிலத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்த பிள்ளையைத் தாம் இதுவரை கண்டதில்லை என்று பரிசோதகர் சொன்னாராம். சகோதரி என்னிடம் இதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. அவரும் பிரெஞ்சு தேசத்தவர். இந்த நாட்டுக்கு வந்த முதல் வருஷம் தாமும் ஊமையாகத்தான் இருந்ததாகச் சொன்னார். நான் அதற்குப் பதிலாக ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை, ஆனால் துண்டில் எழுதாமல் வாயால் சொன்னேன்.

மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்தாயிற்று. சகோதரி தந்த துண்டில் ஐந்தாம் வகுப்புக்கு ஏற்றப்பட்டாள் என்று எழுதியிருக்கிறது. அதை இத்துடன் வைத்திருக்கிறேன்.

இனி ஐந்தாவது. பிள்ளை இங்கே இருக்கவேண்டியதற்கு நியாயங்கள். முதல் நியாயம், இவ்வளவு பாடுபட்டுத் திறந்த வாய். புது இடத்தில், புது வகுப்பில், மறுபடி மூடிக்கொள்ளலாம். இரண்டாவது, ஐந்தாம் வகுப்பிலும் இந்தச் சகோதரியே வருகிறார். மூன்றாவது, செலவு எனக்குப் பாரமில்லை. நாலாவது, பிள்ளையிடம் இன்று காலை கேட்டேன். அம்மாவிடம் போகிறாயா, இங்கே நிற்கிறாயா என்றேன். நீங்கள் சொல்லுறது போலை, அப்பு என்று தலையைக் குனிந்துகொண்டாள். ஆகவே அவளுக்கும் சம்மதம் என்றே

மாமி விளக்குக்கு எண்ணெய் இல்லை என்கிறாள். நாளைக்கு முடிக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம்.

மகளே, நேற்றைய வாக்கியத்தை முடிக்காமலே விடுகிறேன்.

இன்று ஹருகோ வந்திருந்தது. இருவரும் பின்படியில் இருந்தார்கள். நான் உள்ளே சுளகோடு இருந்தேன். வழக்கம்போலச் சிரிப்புச் சத்தம் இல்லை. நீ போகிறதா என்று அந்தப் பிள்ளை கேட்டது. திலகம் அவர்களுடைய அந்தக் கோணல் ஆங்கிலத்தில் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் எழுதுகிறேன்: நான் போகிறது, அப்பு யாரோடு பேசுகிறது? நான் நிற்கிறது, அம்மா அழுகிறது.

எனக்குத் தமிழில் சொல்லமாட்டாததை அந்தப் பாஷையில் சொல்லிவிட்டாள். அதில் சொன்னால் ஒருவருக்கும் நோகாது என்று நினைத்தாளோ என்னவோ. ஹருகோ யோசித்துவிட்டு, நீ இரண்டு பேர் ஆகிறது நல்லது என்றது. அதற்குத் திலகம் சிரித்தாள். நல்ல வேளை, சிரித்தாள்.

சிவப்புப் பென்சில் என் காதில்தான் இருந்தது. அந்த வாக்கியத்தில் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை. நான் முறித்துப் போட்டிருந்த பயற்றங்காயை மாமி வந்து பார்த்தாள். கறிக்கு உதவாத அளவுக்குப் பொடிப்பொடியாக இருந்தது. ஒன்றும் சொல்லாமல் சுளகை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் ஒன்றும் சொல்லாதது இந்த வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

உனக்குச் சொல்லவேண்டியது இவ்வளவே. நீ அழுவாய் என்பது பிள்ளைக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அதை நான் நியாயங்களில் ஒன்றாக எண்ணாமல் விட்டது சரியல்ல. நீ மருமகனோடு கலந்து, உன் மனம் சொல்கிறபடி எழுது. வரச் சொன்னால் தைப்பொங்கல் கழித்து நானே சிங்கப்பூர்த் துறைமுகம்வரை கூட்டிவந்து, ஜெயபாலன் குடும்பத்தோடு ஏற்றிவிடுவேன். மறுவார்த்தை சொல்லமாட்டேன். இன்னும் ஒரு வருஷம் பொறுக்க உன்னால் முடியுமானால், அதை ஒரு வரியில் எழுது, போதும். வயிறு பொறுக்காது என்றால் அதையும் எழுது. எதுவானாலும், பிள்ளையின் பெயருக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. அவள் இப்போது பதில் சொல்வாள்.

நீயும் மருமகனும் சின்னவர்களும் ஒரு குறையுமில்லாமல் இருக்க, நான் பிள்ளையாரை நாள்தோறும் கேட்டுக்கொள்கிறேன். ஈரத்தில் நிற்காதே. நேரத்துக்குச் சாப்பிடு.

வெட்டித் திருத்திய கடிதம் ஒன்றையும் நான் இதுவரை அனுப்பியதில்லை. ஆகையால் மேலே எழுதியதை அப்படியே விட்டு, இங்கே திருத்துகிறேன். ஐந்தாவது பொருளில், எனக்கென்று இதில் ஒன்றும் இல்லை என்று எழுதினேன். அது பிழை.

உன் ஐயா,
சிற்றம்பலம்